இன்னைத் தேதிக்கு உடையல

டெல்லியில் குளிர் வந்துவிட்டதை நான் பேப்பரில் பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை. இடது கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருக்கிற சதை சொல்லிவிடும். நவம்பர் கடைசியில் ஒரு நாள் காலை பக்கெட்டைத் தூக்கும்போது சுருக்கென்று ஒரு குத்து. ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வைகளை எடுத்து வெயிலில் போட வேண்டியதுதான். உள்ளே ஏதோ கிடக்கிறது. எக்ஸ்ரேயில் தெரியவில்லை. கார்பன் அதில் சரியாகப் பிடிபடாதாம். இரண்டு டாக்டர்கள் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, ஒன்றுமில்லை, வீண் பயம் என்று அனுப்பிவிட்டார்கள். "இருக்கு வே" என்று சொன்னவர் ஒரே ஒருத்தர். அவர் டாக்டர் இல்லை. எங்கள் ஆபீஸ் ரெக்ரியேஷன் கிளப்பின் ஸ்டோர் கீப்பர்.

பெயர் வேண்டாம். திருநெல்வேலிப் பக்கத்து மனிதர், அதனால் தமிழ் தெரிந்தவர்களுக்கு அண்ணாச்சி. மற்றவர்களுக்கு 'டாக்டர் சாப்'. அந்தப் பட்டம் எப்படி வந்தது என்று சொல்கிறேன். ராணுவத்தில் சப்ளை ஸ்டோரில் இருந்துவிட்டு, எங்கள் ஆபீசில் மறுபடி வேலைக்குச் சேர்ந்தவர். ஒல்லி. தலை எப்போதும் வலது பக்கம் கொஞ்சம் சாய்ந்தே இருக்கும். அடுத்த வீட்டுச் சண்டையை ஒட்டுக்கேட்கிறவர் மாதிரி.

அவருக்கு எதன் மேலும் நம்பிக்கை கிடையாது. கெட்ட எண்ணம் இல்லை, சந்தேகப் பிராணி என்றும் சொல்ல முடியாது. முழுசாக இருக்கிற ஒரு பொருளைப் பார்த்தால் 'நல்லா இருக்கு' என்று அவர் வாயால் வராது. அவ்வளவுதான். ஆர்.கே.புரத்தில் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு முதல் தடவை வந்தபோது, பிளாஸ்டிக் நாற்காலியின் நாலு காலையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று தரையில் உட்கார்ந்துகொண்டார். என் மனைவிக்கு முகம் சுண்டிவிட்டது. "நம்ம வீட்டு நாற்காலி மேல அவருக்கு அவ்ளோ சந்தேகமா?" என்று அவர் போன பிறகு ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தாள். மறுவாரம் என் மைத்துனர் அதே நாற்காலியில் உட்கார்ந்தார். விழுந்தார். அதற்கும் திட்டு எனக்குத்தான்.

அவர் பெண்ணுக்குக் கல்யாணமான புதிதில், மலை மந்திர் முருகன் கோயில் படியில் வைத்து, "மாப்பிள்ளை எப்படி அண்ணாச்சி, நல்ல பையனா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டேன்.

"இன்னைத் தேதிக்கு நல்ல பையன் வே" என்றார்.

பக்கத்தில் சம்பந்தி நிற்கிறார். அண்ணாச்சி வீட்டு அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

'இன்னைத் தேதிக்கு' என்பதுதான் அவருடைய மந்திரம். உடம்பு எப்படி என்றால் இன்னைத் தேதிக்குத் தேவலை. பஸ் பாஸ் இருக்கிறதா என்றால் இன்னைத் தேதிக்கு இருக்கு. ராணுவத்தில் கயிறு கியிறு அறுந்து யாராவது செத்திருப்பார்கள், அதுதான் மனுஷனை இப்படி ஆக்கிவிட்டது என்று நாங்களாக ஒரு கதை கட்டிவைத்திருந்தோம். ஒரு நாள் கேட்டேவிட்டேன். "ஒரு எளவும் நடக்கல. எங்க அப்பனும் இப்படித்தான்" என்று டீயை ஊதிக் குடித்தார்.

இனி அம்புக் கதை. ராஞ்சிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு டைரக்டர் எங்கள் கிளப்பில் வில்வித்தையைத் தொடங்கிவைத்துவிட்டு மாற்றலாகிப் போய்விட்டார். வில் எல்லாம் அவர் ஊர்ப்பக்கத்து மூங்கில் வில். அம்பை வைக்க அதில் தனியாக இடம் கிடையாது. வில்லைப் பிடித்திருக்கிற இடது கையின் முட்டி மேல்தான் அம்பு உட்காரும், கையை உரசிக்கொண்டுதான் கிளம்பும். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அம்பும் முதலில் மூங்கில்தான். ஆனால் டெல்லி வெயிலில் மூங்கில் படும் பாடு இருக்கிறதே! ஜூன் மாதம் லூ என்கிற அனல் காற்றில் காய்ந்து ஒரு பக்கம் கோணும், ஜூலை மழையில் ஊறி இன்னொரு பக்கம் கோணும். கிழக்கே குறிவைத்தால் வடகிழக்கே போகும். அலுத்துப்போய்க் கடைசியில் கார்பன் அம்பு வாங்கினார்கள். நாற்பத்தெட்டு. கறுகறுவென்று பென்சில் கனத்தில், வால்பக்கம் நிஜ இறகு ஒட்டி. இரண்டாயிரமாவது வருஷத்தை ஒட்டிய காலம். அப்போதெல்லாம் கார்பன் என்றாலே எங்களுக்கு ராக்கெட் சமாசாரம்.

"கபி நஹி டூட்டேகா! உடையவே உடையாது, ஆயுசுக்கும் வரும்" என்று கடைக்காரன் சொன்னதை அப்படியே ஒப்பித்தார் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் பஞ்சாபிக்காரர். கிளப்பில் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கிறவர் அவர்தான்.

அண்ணாச்சி ஒன்றை எடுத்து முகத்துக்குத் தள்ளிப் பிடித்து, இரண்டு முனையையும் பற்றி லேசாக வளைத்தார். விட்டார். கால் சுற்றுத் திருப்பி மறுபடி வளைத்தார். பிறகு என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார்: "மூங்கி கோணும். அலுமினியம் நெளியும். ரெண்டும் 'என்னால முடியல, என்னை விட்டுரு'ன்னு சொல்லிட்டுத்தான் போவும். இந்தச் சவம் சொல்லாது வே. நேரா இருக்கும், நேராவே இருக்கும், ஒருநா ரெண்டா இருக்கும்."

அன்றிலிருந்து பிடித்தது சனி. சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு மைதானத்துக்குப் போவோம். ஒன்பதரைக்கு இடத்தைக் காலி செய்ய வேண்டும், கிரிக்கெட்காரர்கள் வந்துவிடுவார்கள். அதில் பாதி நேரம் அண்ணாச்சியின் வைத்தியத்துக்கே போகும். ஒவ்வொரு அம்பையும் நாலு திசையில் வளைத்து, காதுக்குப் பக்கத்தில் வைத்து, தலையைச் சாய்த்துக் கேட்பார். பிறகு ஒரு பஞ்சு உருண்டையை நுனியிலிருந்து வால் வரை உருட்டுவார். வெடிப்பு இருந்தால் பஞ்சு இழை மாட்டிக்கொள்ளும். செங்கல் சுவரில் பட்ட அம்பு, இன்னொரு அம்பின் மேல் மோதிய அம்பு, இதெல்லாம் வெளியே பார்க்கப் புதுசாக இருக்கும், உள்ளே விட்டிருக்கும் என்பார். இதற்குத்தான் டாக்டர் சாப் என்று பெயர்.

"அரே டாக்டர் சாப், ஜல்தி கரோ! அம்பு விட வந்தோமா, ஆபரேஷன் பார்க்க வந்தோமா?" என்று பஞ்சாபிக்காரர் கத்துவார்.

எனக்கும் பொறுமை போய்விடும். "அண்ணாச்சி, போன வாரம்தானே பாத்தீங்க?"

"போன வாரத்துக்குப் பாத்தேன்."

"அப்படி என்னதான் கேக்குது அதுல?"

"கோயிலுக்குத் தேங்கா வாங்கும்போது நீரு காதுல வச்சு ஆட்டிப் பாக்கீரா இல்லியா? தேங்கா அழுகியிருந்தா சாமி ஒண்ணும் சொல்லாது. இது கையில ஏறும். பொறும்."

எல்லாம் முடிந்து அம்பைக் கையில் கொடுக்கும்போது, நல்லது என்று சொல்லமாட்டார். "இன்னைத் தேதிக்கு உடையல" என்று சொல்லித்தான் கொடுப்பார்.

விளையாட்டாக இருந்தது ரிஜிஸ்டரில் ஏறியபோதுதான் வினையாகிவிட்டது. அரசாங்கப் பொருள் எதுவானாலும் வருஷத்துக்கு ஒரு முறை எண்ணிச் சரிபார்த்து, ஒவ்வொன்றுக்கும் நேரே 'சர்வீசபிள்' அல்லது 'அன்சர்வீசபிள்' என்று எழுத வேண்டும். நல்லது, ஆகாதது, இரண்டே ஜாதி. அண்ணாச்சி இரண்டையும் எழுதாமல், 'இன்றைய தேதி வரை உடையவில்லை' என்று இங்கிலீஷில் எழுதி அனுப்புவார். அது போன வேகத்தில் திரும்பி வரும். இவர் மறுபடி அதையே எழுதுவார். யாராவது மேலதிகாரி அலுத்துப்போய்த் தன் கையால் திருத்திக்கொள்வார். பதினாலு வருஷம் இப்படியே ஓட்டியிருக்கிறார். சர்வீசபிள் என்ற அந்த ஒரு வார்த்தையை மட்டும் அவர் பேனா எழுதியதில்லை.

வெடித்த அம்புகளைத் தூக்கிப் போடவும் முடியாது. கண்டெம்ன் செய்ய, அதாவது ஆகாது என்று கழித்துக்கட்ட, மூன்று அதிகாரிகள் கொண்ட போர்டு உட்கார வேண்டும். ஒருத்தர் லீவு, ஒருத்தர் டூர், ஒருத்தர் மாற்றல். உட்காராத போர்டு உட்காரும்வரை, ஆகாத அம்பும் எண்ணிக்கைக்கு இருந்தாக வேண்டும். அண்ணாச்சி அதற்கும் வழி செய்தார். ஃபைல் கட்டுகிற டேக் கயிறு இருக்கிறதே, இரண்டு முனையிலும் தகரக் குப்பி வைத்த பச்சைக் கயிறு, அதை வெடித்த அம்பின் கழுத்தில் கட்டிவிடுவார். கயிறு கட்டியதை யாரும் தொடக்கூடாது. கடைசியில் நாற்பத்தெட்டில் பத்தொன்பதுக்குக் கயிறு ஏறியிருந்தது.

அந்த வருஷம் சரிபார்க்கிற வேலை என் தலையில் விழுந்தது. அண்ணாச்சிக்கு ரிடயர்மென்டுக்கு மூன்று மாதம். அவர் அண்ணன் இறந்துபோய், காரியத்துக்காகப் பத்து நாள் ஊருக்குப் போயிருந்தார். போகும்போது ஸ்டோர் சாவியை என்னிடம் கொடுத்து, "நீரே எண்ணிக்கிடும். கயிறு கட்டினதைக் கலந்துராதீரும்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

வியாழக்கிழமை மத்தியானம், மாடிப்படிக்குக் கீழே இருக்கிற அந்த ஸ்டோரில் தனியாக உட்கார்ந்து யோசித்தேன். பத்தொன்பது ஆகாது என்று எழுதினால் என்ன ஆகும்? போர்டு இல்லாமல் எப்படி எழுதினாய் என்று கேள்வி வரும். யார் உடைத்தது, யார் பொறுப்பு என்று அண்ணாச்சிக்கு மெமோ போகும். அது தீராமல், பாக்கி எதுவும் இல்லை என்கிற நோ டியூஸ் சீட்டு கிடைக்காது. பென்ஷன் பேப்பர் நகராது. பாவம், வயசான மனுஷன், அண்ணனை வேறு பறிகொடுத்துவிட்டு வருகிறார். நம்மால் ஒரு நல்லது நடக்கட்டுமே! எனக்கும் அந்த ஃபைலைக் கட்டிப்போட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பத்தொன்பது டேக்கையும் அவிழ்த்தேன். நாற்பத்தெட்டையும் ஒரே குழாயில் போட்டு எண்ணினேன். எல்லாம் சர்வீசபிள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, ரிஜிஸ்டரை மேலே அனுப்பிவிட்டேன்.

ஃபைல் போன பிறகு, டேக்கைத் திரும்பக் கட்டிவைத்துவிடலாம் என்று எடுத்தேன். எதில் கட்டுவது?

நாற்பத்தெட்டும் கறுப்பு. நாற்பத்தெட்டும் நேர். பத்தொன்பது கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தேன். அடி முட்டாளே என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை முழுவதும் அவர் செய்கிற மாதிரியே வளைத்து வளைத்துக் காதில் வைத்துப் பார்த்தேன். எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் கேட்டது. பஞ்சு உருட்டினேன். சில அம்புகளில் மாட்டியது. ஆனால் பஞ்சு மாட்டாததை எல்லாம் அவர் நல்லது என்று விட்டதில்லை, காதால் கேட்டுத்தான் பாதியைப் பிடிப்பார்.

சனிக்கிழமை காலை மைதானத்தில் எல்லோரும் கூடிவிட்டார்கள். "டாக்டர் சாப் நஹி ஹை? சலோ, இன்றைக்கு முழு நேரமும் நமக்குத்தான்!" என்று பஞ்சாபிக்காரருக்கு ஒரே குஷி. யாரும் விடாதீர்கள் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்றால், முந்தாநாள்தான் எல்லாம் நல்லது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வாய் வரவில்லை. வேறொருத்தர் கையில் கொடுக்கவும் மனசு வரவில்லை. "இன்னைக்கு முதல்ல நான் விடறேன்" என்று ஹிந்தியில் சொல்லிவிட்டு வில்லை எடுத்தேன். பெரிய தைரியம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். வேறு வழி தெரியாத கோழையும் சில சமயம் முன்னால்தான் நிற்பான்.

முதல் அம்பு போனது. இரண்டாவது போனது. மூன்றாவதை விட்டபோது அப்பளம் நொறுங்குகிற சத்தம் கேட்டது. வலி உடனே தெரியவில்லை. குனிந்து பார்த்தால் அம்பின் பாதி என் இடது கைச் சதைக்குள் நுழைந்து மறுபக்கம் தலைநீட்டிக்கொண்டிருக்கிறது. பஞ்சாபிக்காரர்தான் தன் ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வழியெல்லாம் அழுதது அவர், நான் இல்லை.

திங்கட்கிழமை இரண்டு மெமோ தயாராகிவிட்டது. வியாழக்கிழமை நல்லது என்று எழுதிய அம்பு சனிக்கிழமை எப்படி வெடித்தது? ஒன்று எனக்கு, ஒன்று அண்ணாச்சிக்கு. நான் வீட்டிலிருந்து போன் செய்து, கையில் தையல் போட்டிருக்கிறது, எழுத முடியவில்லை, பதில் சொல்ல அவகாசம் வேண்டும் என்று கேட்டேன். பாவம் என்று கொடுத்துவிட்டார்கள். எந்தக் கை என்று யாரும் கேட்கவில்லை.

அண்ணாச்சி செவ்வாய்க்கிழமை ஸ்டேஷனிலிருந்து பையோடு நேரே என் வீட்டுக்கு வந்தார். மொட்டைத் தலை. கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அழுகை வந்துவிட்டது.

"கயிறை எதுக்கு வே அவுத்தீரு?"

"உங்க ரிடயர்மென்ட் கெட்டுடக் கூடாதுன்னுதான் அண்ணாச்சி."

"எனக்காவவா?"

"ஆமா."

என் மனைவி கொடுத்த காபியைக் குடித்தார். "சரி, விடும்" என்றார்.

அன்று மத்தியானமே ஸ்டோரில் உட்கார்ந்து மிச்சம் இருந்த நாற்பத்தேழையும் வளைத்துக் கேட்டிருக்கிறார். பதினெட்டுக்குக் கயிறு கட்டினார். பத்தொன்பதாவது என் கையில் உடைந்தது. ஒன்றுகூடத் தப்பவில்லை.

மறுநாள் கட்டுப் போட்ட கையோடு ஆபீசுக்குப் போனேன். அவர் கொடுத்த பதில், என் செக்‌ஷன் வழியாகப் போனதால் நானே படித்தேன். 'சரிபார்த்த தேதியில் நாற்பத்தெட்டு அம்புகளும் சர்வீசபிள். சரிபார்த்தவர் எழுதியது சரி. எழுத்து மூலம் இல்லாமல் சாவியை விட்டுச் சென்றது என் தவறு. அம்பு பழுதானதற்கு ஸ்டோர் கீப்பர் என்ற முறையில் நானே பொறுப்பு.' சர்வீசபிள் என்ற அந்த வார்த்தையை அவர் கையெழுத்தில் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, குழந்தை எழுதின மாதிரி இருந்தது.

ஓடிப்போய்க் கேட்டேன். "என்ன அண்ணாச்சி இப்படி எழுதிட்டீங்க? இது பொய்யில்லையா?"

"பொய்தான். உமக்கு இன்னும் எத்தனை வருசம் சர்வீஸ் கெடக்கு! எனக்கு மூணு மாசம். மூணு மாசத்துக்காரனை என்ன வே செஞ்சிருவான்?"

செய்தார்கள். என்னைப் பொறுத்தவரை பதிலே தேவையில்லை என்று மெமோவை மூடிவிட்டார்கள். அவர் மேல் விசாரணை நடந்தது. ரிடயரான பிறகும் நடந்தது. பென்ஷன் முழுசாக முடிவாகவில்லை. குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு முனிர்காவில் ஒற்றை அறையில் புருஷனும் பெண்டாட்டியும் இருந்தார்கள். விசாரணைக்குக் கூப்பிட்ட நாளெல்லாம் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வந்து எங்கள் ஆபீஸ் வராந்தாவில் உட்கார்ந்திருப்பார். பெஞ்சை ஒரு தரம் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். நான் டீ வாங்கிக்கொண்டு போய்க் கொடுப்பேன். "ஃபைல் எங்க இருக்கு வே?" என்பார். "இன்னைத் தேதிக்கு அண்டர் செகரெட்டரி மேஜையில அண்ணாச்சி" என்பேன். சிரிப்பார்.

உண்மையை எழுதிக் கொடுத்துவிடலாம் என்று நான் நினைக்காத நாள் இல்லை. முதல் வரிகூட மனப்பாடம். ஆனால் அந்த வருஷம் என் பெயர் பிரமோஷன் லிஸ்டில் இருந்தது. லிஸ்ட் வரட்டும். வந்தது. புரொபேஷன் முடியட்டும். என் பெரிய பெண்ணுக்கு ஸ்கூல் அட்மிஷன் முடியட்டும். அடுத்த வாரம், அடுத்த மாதம். ஒன்றரை வருஷம் கழித்து, கவனக்குறைவு என்று அவர் பெயரில் எழுதி ஃபைலைக் கட்டினார்கள். அதை ஒரு புது டேக் கயிற்றில் கோத்துக் கட்டியது என் செக்‌ஷன்தான்.

ஊருக்கே போய்விடுகிறேன் என்று கிளம்பினார். வழியனுப்ப ஸ்டேஷனுக்குப் போனேன். காலை வண்டி. அந்த அம்மா உள்ளே சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தார். அண்ணாச்சி ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, "கையைக் கொண்டாரும் பாப்போம்" என்றார். இடது கையைக் கொடுத்தேன். கட்டைவிரலைப் பிடித்து மெல்ல வளைத்தார். கொஞ்சம் திருப்பி மறுபடி வளைத்தார். தலையைச் சாய்த்து, கம்பிகளுக்கு நடுவே என் கையைக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். பிளாட்பாரத்தில் அவ்வளவு இரைச்சல். அவருக்கு என்ன கேட்டதோ!

"உள்ள ஒரு தும்பு இருக்கு வே. டாக்டரு கெடக்கான். இன்னைத் தேதிக்குத் தொந்தரவு செய்யாது."

"அண்ணாச்சி, நான்..." என்று ஆரம்பித்தேன்.

"நல்லவேளை" என்றார் என் கையைத் தட்டிக்கொடுத்து. "எழுதுத கை தப்பிச்சிட்டு."

அவர் குத்திக்காட்டுகிற ஆள் இல்லை. அதை நான் சத்தியம் செய்து சொல்வேன். மனசாரத்தான் சொன்னார். வண்டி நகர்ந்தது. அந்த அம்மா ஜன்னலுக்கு வந்து, "வீட்டுல எல்லாரையும் கேட்டதாச் சொல்லுங்க" என்றார். அண்ணாச்சி கையை ஆட்டினார்.

நானும் வலது கையைத் தூக்கி ஆட்டினேன்.